எம்ஜிபியில் ஹீட்டர் கோர்: எஞ்சின் ஏறுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை

நீங்கள் கேட்டது இது. 1970-களின் எம்ஜிபி (MGB) ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை முழுவதுமாகப் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பெயின்ட் வேலை முடிந்துவிட்டது, எஞ்சின் தயாராக ஸ்டாண்டில் நிற்கிறது. ஹீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் கோர் பச்சை பூத்துக் கிடக்கிறது. அதையே கழுவிப் போடலாமா, புதிது வாங்க வேண்டுமா, எஞ்சினை ஏற்றிய பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட வேண்டாம். எம்ஜிபியின் ஹீட்டர் பெட்டி எஞ்சினுக்கு நேர் பின்னால், எஞ்சின் அறையைக் காரின் உட்புறத்திலிருந்து பிரிக்கும் தடுப்புச் சுவரான ஃபயர்வாலில் வெட்டிய ஒரு பெரிய துளைக்குள் உட்காருகிறது. பெட்டியின் கீழ்ப்பாதி காருக்குள் இறங்கியிருக்கும், மேல்பாதி எஞ்சின் அறையில் இருக்கும். கண்ணாடிக்குக் காற்று கொண்டுபோகும் இரண்டு டெமிஸ்டர் குழாய்கள் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து வந்து அதில் சேர வேண்டும். எஞ்சினும் டேஷ்போர்டும் இல்லாத காரில் இது ஒருவர் ஒரு மதியத்தில் முடிக்கிற வேலை. இரண்டும் ஏறிய பிறகு செய்தால், தலைகீழாகப் படுத்து, கை நுழையாத இடத்தில் குழாயைத் தேடிக்கொண்டு, புதுப் பெயின்டைப் பெட்டியின் விளிம்பால் கீறிக்கொண்டு, இரண்டு நாள் போய்விடும். முதலில் ஹீட்டரைத் தொங்கவிட்டு அதைச் சுற்றித்தான் காரைக் கட்டினார்கள் என்று எம்ஜிபிகாரர்கள் சொல்வது வழக்கம். அந்த வேலையை ஒரு தடவை செய்தவருக்கு அது மிகையாகத் தெரியாது.

சரி, இப்போது கோருக்கு வருவோம். அது ஒரு குட்டி ரேடியேட்டர், அவ்வளவுதான். எஞ்சின் தலையின் பின்பக்கத்தில் இருக்கும் வால்விலிருந்து சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வந்து இதற்குள் ஓடி, எஞ்சினை ஒட்டி முன்னால் போகும் உலோகக் குழாய் வழியாக வாட்டர் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்புகிறது. எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்துவைக்கும் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் இந்தச் சுற்று ஓடும். அதனால்தான் ரேடியேட்டர் இன்னும் குளிர்ந்து கிடக்கையிலேயே ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்று வர ஆரம்பிக்கிறது. கோரின் குழல்கள் ரேடியேட்டரின் குழல்களைவிடக் குறுகலானவை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் பாதி எச்சரிக்கைகளுக்குக் காரணம் புரிந்துவிடும்: எஞ்சினுக்குள் என்ன குப்பை இருந்தாலும் முதலில் வந்து அடைவது இங்கேதான்.

பழைய கோரை இன்னும் காரிலிருந்து கழற்றவில்லை என்றால் ஹோஸைப் பிடித்து முறுக்கி இழுக்காதீர்கள். பல வருடம் ஒட்டிக்கொண்ட ரப்பர் சுழலாது, அதற்குள் இருக்கும் பித்தளைக் குழாய்தான் சுழலும். அந்தக் குழாய் கோரின் தொட்டியில் வெறும் ஈயப் பற்றால் ஒட்டியிருக்கிறது. நல்ல கோர்கள் பலவற்றின் கதை கழற்றும்போதே முடிவது இப்படித்தான். ஹோஸைக் கூரான பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோலைப் போல உரித்து எடுங்கள். ஹோஸ் எப்படியும் புதிதாகத்தான் போடப்போகிறீர்கள். கீறும்போது பிளேடு பித்தளையில் கோடு போட்டுவிடக் கூடாது. அந்தக் கோடு வழியாகவே பின்னால் கூலன்ட் கசியும்.

பச்சை பூத்திருப்பதைப் பார்த்து மட்டும் எதையும் முடிவு செய்ய வேண்டாம். செம்பும் பித்தளையும் ஈரக்காற்றில் பச்சை பூக்கும், அது இயல்பு. ஆனால் குழாய் தொட்டியில் சேரும் இடத்தில் வெள்ளையும் பச்சையுமாக மாவு போல் தடித்துப் படிந்திருந்தால் அங்கே கூலன்ட் கசிந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தகடுகள் விரல் பட்டாலே உதிர்ந்தால் அந்தக் கோருக்கு ஆயுள் முடிந்தது. இரண்டும் இல்லை என்றால் மேசையில் வைத்து மூன்று சோதனை செய்யுங்கள்.

முதலாவது ஓட்டம். ஒரு குழாயில் துண்டு ஹோஸ் மாட்டி, புனல் வைத்து, ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றுங்கள். மறுபக்கம் தயக்கமில்லாமல் கொட்ட வேண்டும். வருகிற தண்ணீரை வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்துப் பார்த்தால் துருவின் நிறமும் மணல் போன்ற துகளும் தெரியும். இந்த இடத்தில் வீட்டுத் தண்ணீர்க் குழாயை நேராகக் கோரில் மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். குழாய்த் தண்ணீரின் அழுத்தம் 40, 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை இருக்கலாம். இந்தக் கார்களின் ரேடியேட்டர் மூடி 10 பிஎஸ்ஐ அளவில் திறந்துகொள்ளும்படி அமைந்தது. அந்த அளவுக்குச் செய்த பழைய ஈயப் பற்றின் மேல் நான்கைந்து மடங்கு அழுத்தத்தை ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுமுனை திறந்திருக்கட்டும், குழாயைக் கொஞ்சமாகத் திறங்கள், வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் விடுங்கள்.

இரண்டாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் கருவி எதுவும் வேண்டாம். கோரைக் குளிர்ந்த நிலையில் வைத்துக்கொண்டு, கெட்டிலில் காய்ச்சிய வெந்நீரைப் புனல் வழியாக மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றிக்கொண்டே மறு கையின் உள்ளங்கையைத் தகடுகளின் மேல் லேசாக, அழுத்தாமல், ஓட்டுங்கள். நல்ல கோர் ஒரே சீராகச் சூடாகும். அடைபட்ட குழல் இருக்கும் இடம் ஒரு பட்டையாகக் குளிர்ந்தே இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஒரு பட்டை என்றால் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, நன்றாக அலசி, மறுபடி பார்க்கலாம். பாதிக் கோர் குளிர்ந்து கிடந்தால் ஊறவைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்றாவது அழுத்தம். ஒரு குழாயில் துண்டு ஹோஸ் மாட்டி அதற்குள் பொருத்தமான போல்ட்டைச் செருகிக் கிளாம்ப் போட்டு அடையுங்கள். இன்னொன்றில் சைக்கிள் பம்பும் அளவுமானியும். வாளித் தண்ணீரில் முழுக மூழ்கடித்து, உங்கள் ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்குச் சற்று மேலே மட்டும் ஏற்றி, பத்து நிமிடம் விட்டு வையுங்கள். முதலில் தகடுகளுக்குள் சிக்கிய காற்று வெளியேறும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கோரைத் தண்ணீருக்குள்ளேயே லேசாக ஆட்டிவிட்டால் அது நின்றுவிடும். அதன் பிறகும் ஒரே இடத்திலிருந்து மணி கோர்த்ததுபோல் குமிழ் வந்தால் அதுதான் ஓட்டை. குழாய் சேரும் பற்றில் என்றால் ரேடியேட்டர் வேலை செய்பவர் பற்றவைத்துக் கொடுப்பார். நடுவில் ஒரு குழலில் என்றால் கோரையே மாற்றுவதுதான் சரி.

மாற்றுவது என்றால் இரண்டு வழி இருக்கிறது. பழைய தொட்டியையும் குழாய்களையும் வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாகப் போடச் சொல்லலாம், அல்லது முழுதாகப் புதுக் கோர் வாங்கலாம். தொட்டி நன்றாக இருந்தால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். காரணம் பழமைப் பற்று அல்ல. குழாய்களின் கோணமும் நீளமும் தொழிற்சாலையில் வைத்தபடியே இருக்கும், பெட்டியின் துளையில் சண்டையில்லாமல் நுழையும். இப்போது கிடைக்கும் அலுமினியக் கோர்களில் நல்லவை இருக்கின்றன. ஆனால் தடிமன் சில மில்லிமீட்டர் வேறுபடும், குழாய் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எதை வாங்கினாலும் பெட்டியில் காலியாக வைத்துப் பாருங்கள், மூடி இயல்பாக மூடுகிறதா என்று பாருங்கள். மூடியை அழுத்திப் பிடித்துக் கிளிப் மாட்ட வேண்டியிருந்தால் அந்த அழுத்தம் முழுவதும் குழாய்ப் பற்றின் மேல்தான் உட்காரும்.

இப்போது, பலர் கவனிக்காமல் விடுகிற இடம். கோர் புதிது, கூலன்ட் கொதிக்கக் கொதிக்க ஓடுகிறது, ஆனாலும் காற்று வெதுவெதுப்பாகக்கூட வரவில்லை என்று புலம்புகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கோரைச் சுற்றியிருந்த நுரைப்பட்டை போயிருக்கும். தொட்டால் கறுப்புப் பொடியாக விரலில் ஒட்டிக்கொள்ளும், மிச்சம் ஃபேன் வழியாக என்றைக்கோ காருக்குள் பறந்துபோயிருக்கும். காற்று எப்போதும் எளிய வழியைத்தான் தேடும். நெருக்கமான தகடுகளுக்குள் நுழைந்து போவதைவிடக் கோருக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே இருக்கும் விரல் அகல இடைவெளியில் போவது அதற்குச் சுலபம். அப்படிப் போகும் காற்று சூட்டைத் தொடாமலே வெளியே வரும். அதனால் கோருக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியையாவது நுரைக்குச் செலவழியுங்கள் என்பதுதான் என் முதன்மையான வேண்டுகோள்.

தண்ணீரை உறிஞ்சாத, மூடிய கண் கொண்ட நுரையாக வாங்குங்கள். மெத்தைக்குப் போடும் நுரை ஈரத்தைப் பிடித்துவைத்துப் பெட்டியைத் துருப்பிடிக்க வைக்கும். இடைவெளியை அளந்து, அதைவிட மூன்றில் ஒரு பங்கு தடித்த பட்டையைக் கோரின் நான்கு விளிம்பிலும் ஒட்டுங்கள். மூலைகளில் பட்டையை மடக்காமல் வெட்டி, ஒன்றோடொன்று முட்டும்படி சேருங்கள். கோரின் முகத்தில் நுரை ஏறி தகடுகளை மறைக்கக் கூடாது. அப்புறம் பெட்டிக்குள் கோரை வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, பெட்டியின் ஒரு பக்கத்தில் டார்ச்சை வைத்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். தகடுகளின் நடுவே நூல் நூலாக ஒளி தெரியும், அது சரி. விளிம்பில் பளிச்சென்று ஒரு கோடு தெரிந்தால் அங்கே நுரை போதவில்லை. இதே நுரையைக் காலடிக்குக் காற்று விடும் சிறு கதவுகளுக்கும் காற்றைத் திருப்பும் மடலுக்கும் பெட்டியின் வெளி விளிம்புக்கும் போட வேண்டும். வெளி விளிம்பில் விட்டால் எஞ்சின் அறையின் வாசனையும் மழைத்தண்ணீரும் உள்ளே வரும்.

பழைய நுரையையும் ஃபயர்வாலில் ஒட்டியிருக்கும் பழைய காப்பு அட்டைகளையும் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். அந்தக் காலத்து அட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. முகக்கவசம் போட்டுக்கொண்டு, நனைத்துவிட்டு எடுங்கள்.

பெட்டி திறந்திருக்கும்போதே ஃபேன் மோட்டாரையும் பார்த்துவிடுங்கள். கையால் சுற்றினால் உராயாமல் ஓட வேண்டும், தண்டை ஆட்டினால் கடகடக்கக் கூடாது. பேட்டரியில் நேராக இணைத்துச் சில நிமிடம் ஓடவிட்டு, சூடானபின் சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். 1967 வாக்கில் வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருந்தது. அப்படிப்பட்ட காரை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருந்து, மோட்டார் நிரந்தரக் காந்த வகையாக இருந்தால் அது எதிர்த்திசையில் சுழலும். அணில் கூண்டு வடிவ விசிறி எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்றை அதே பக்கம்தான் தள்ளும், ஆனால் பலவீனமாக. அதனால் தப்பு உடனே தெரியாது. இரண்டு ஒயரை இடம் மாற்றினால் போதும்.

பெட்டியை வைப்பதற்கு முன் இன்னொரு இடம். கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுச் சல்லடை வழியாக மழைத்தண்ணீரும் இறங்கும். அது சேரும் தொட்டி போன்ற பகுதியிலிருந்து கீழே ஒரு ரப்பர் வடிகுழாய் போகிறது. இலையும் மண்ணும் சேர்ந்து அது அடைபட்டால் தண்ணீர் ஏறி, ஹீட்டர் பெட்டி வழியாகக் காரின் தரையில் கொட்டும். எல்லோரும் கோர் ஓட்டை என்றுதான் நினைப்பார்கள். எனக்கும் அது நடந்தது. கம்பளம் நனைந்ததைப் பார்த்து ஒரு காரில் நல்ல கோரைக் கழற்றி எடுத்தேன், வாளியில் ஒரு குமிழ்கூட வரவில்லை. அன்றிலிருந்து ஈரத்தை முதலில் வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்கிறேன். கூலன்ட் என்றால் நிறமும் எண்ணெய் போன்ற பிசுக்கும் இனிப்பு வாசனையும் இருக்கும், கண்ணாடியில் துடைத்தாலும் போகாத ஆவிப்படலம் படியும். மழைத்தண்ணீர் என்றால் அழுக்கு மட்டும்தான். எஞ்சின் இல்லாத இந்த நேரத்தில் அந்த வடிகுழாயைக் கழற்றிப் புதிது போடுவது நிமிட வேலை.

பெட்டி உட்காரும்போது இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் எஞ்சின் பக்கமிருந்து இறக்க, மற்றவர் உள்ளேயிருந்து கேபிளும் குழாயும் சிக்காமல் வழிவிட வேண்டும். டெமிஸ்டர் குழாய்களை டேஷ்போர்டு வருவதற்கு முன்பே இரு முனையிலும் செருகிவிடுங்கள்.

வால்வைப் பழையதாகவே விடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வருடக்கணக்கில் ஓடாமல் நின்ற காரில் வேண்டாம். பழைய வால்வு திறந்தால் முழுதாகத் திறக்காது, மூடினால் முழுதாக மூடாது. இரண்டாவது கோளாறு வெயில் காலத்தில்தான் தெரியும், காலுக்கடியில் அடுப்பு வைத்ததுபோல் இருக்கும். புது வால்வின் கேஸ்கெட் உட்காரும் முகத்தைச் சுத்தமாகச் சுரண்டுங்கள், இரண்டு பக்கமும் மாறி மாறி, அளவாக இறுக்குங்கள். கேபிளை மாட்டும்போது டேஷ்போர்டுக் குமிழை முழுச் சூட்டில் வைத்து, வால்வின் கையை முழுதாகத் திறந்த நிலையில் பிடித்துக்கொண்டு பிடியை இறுக்க வேண்டும். குமிழ் திரும்புகிறது, வால்வு பாதியில் நிற்கிறது என்ற நிலை பல கார்களில் உண்டு.

ஹோஸின் உள்விட்டம் குழாய்க்குச் சரியாக இருக்கட்டும். அரை அங்குலக் குழாயில் 5/8 அங்குல ஹோஸைப் போட்டுக் கிளாம்பால் நெரித்தால் ஒரு நாள் நிற்கும், சூடேறிக் குளிர்ந்ததும் கசியும். கிளாம்ப் குழாயின் மேட்டு விளிம்புக்கு உள்ளே உட்கார வேண்டும். பித்தளை மெல்லியது, பலத்தைக் காட்டினால் நசுங்கி நீள்வட்டமாகிவிடும்.

கோரை எஞ்சினோடு இணைப்பதற்கு முன் எஞ்சின் பிளாக்கை அலசிவிட்டீர்களா? வார்ப்பிரும்பு பிளாக்கின் பின்மூலையில், கடைசி சிலிண்டரைச் சுற்றி, துரு சேறாகப் படிந்து கிடக்கும். எஞ்சின் ஸ்டாண்டில் இருக்கும்போதே கோர் பிளக்குகளை (பிளாக்கின் துளைகளை அடைக்கும் உலோக மூடிகள், ஹீட்டர் கோருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) கழற்றி, கம்பியால் கிளறி, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சேறு முதல் மாதத்திலேயே உங்கள் புதுக் கோரில் போய் உட்காரும். கசிவை அடைக்கும் திரவங்களையும் இதே காரணத்துக்காகத்தான் வேண்டாம் என்கிறேன். அவை ஓட்டையைத் தேடிப் போவதற்குமுன் குறுகலான குழலைக் கண்டுபிடித்துவிடும்.

கூலன்ட் விஷயத்தில் பித்தளையும் ஈயப் பற்றும் உள்ள காருக்குச் சிலிக்கேட் கலந்த பழைய வகை எத்திலீன் கிளைகால்தான் என் தேர்வு. கனிம உப்பு நீக்கிய தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். உறைபனி இல்லாத ஊரில் ஓட்டினாலும் வெறும் தண்ணீர் வேண்டாம், துருவைத் தடுக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது. அலுமினியக் கோர் போட்டிருந்தால் இது இரட்டிப்பாகப் பொருந்தும். கீழே சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போனாலும் உயிருக்கு ஆபத்து.

நிரப்பும்போது ஹீட்டரில் காற்று மாட்டிக்கொள்வதுதான் எம்ஜிபியில் வழக்கமான தொந்தரவு. வால்வை முழுதாகத் திறந்து வைத்து, காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ரேடியேட்டரை நிரப்புங்கள். பிறகு ஹீட்டரின் மேல் ஹோஸைக் கழற்றி, அதன் வாயில் புனல் வைத்து, மறுபக்கக் குழாயில் கூலன்ட் எட்டிப் பார்க்கும்வரை ஊற்றி, வழிய வழிய ஹோஸை மாட்டுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, 82 டிகிரி தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடாகும்வரை காத்திருங்கள். இப்போது ஹீட்டரின் இரண்டு குழாயையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் குளிர்ந்திருந்தால் காற்று அடைப்பு அல்லது வால்வு திறக்கவில்லை. ஒன்று கொதிக்க, மற்றொன்று ஆறிப்போயிருந்தால் கோருக்குள் ஓட்டம் குறைவு. இரண்டும் சூடு, காற்று மட்டும் குளிர்ச்சி என்றால் நுரைக்குத் திரும்பிப் போக வேண்டும். மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. 10 பிஎஸ்ஐ அழுத்தத்தில் உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும், திறந்த கணமே ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும்.

முழுதாக ஆறியதும் மட்டத்தைப் பாருங்கள், குறைந்திருக்கும், நிரப்புங்கள். டேஷ்போர்டைப் பூட்டுவதற்கு முன் இந்தச் சூடு ஏற்றி ஆற்றும் சுற்றை மூன்று தடவையாவது செய்து, பெட்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை ஓர் இரவு போட்டுவையுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் கிளாம்புகளை ஒரு கால் சுற்று சரிபார்த்துவிட்டு டேஷ்போர்டை ஏற்றலாம்.